ஒய் அழுத்தும் அதிகாரம்

டயாலிசிஸ் முறை ஒதுக்கீட்டு அலுவலகத்தில் டைப்பிஸ்ட் என்ற பதவியை ஒழித்து ஒன்பது வருடம் ஆகிவிட்டது. பதவியை ஒழித்தார்களே தவிர, அதில் இருந்த பெண்ணை என்ன செய்வது என்று அந்த ஆணையில் யாரும் எழுதவில்லை. அதனால் அவர் அதே நாற்காலியில், அதே ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, வருகிறவர்கள் நீட்டுகிறதையெல்லாம் அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். வாசல் காவலாளியிலிருந்து துணை இயக்குநர் வரை எல்லோருக்கும் அவர் டைப்பிஸ்ட் அக்கா. துணை இயக்குநர் அவரைவிட இரண்டு வயது மூத்தவர் என்பதை யாரும் பெரிதுபடுத்தவில்லை.

அலுவலகத்தின் வேலை ஒன்றே ஒன்றுதான். நகரத்து டயாலிசிஸ் நிலையத்தில் பதினெட்டுப் படுக்கைகள். நோயாளிகள் நூற்று நாற்பத்து மூன்று பேர். யாருக்கு எந்த நாள், எத்தனை மணி, எந்தப் படுக்கை என்று முதல் நாள் மாலை ஆறு மணிக்கு ஒவ்வொருவர் செல்போனுக்கும் ஒரு செய்தி போகும். அதை அனுப்புவது ‘முறை’ என்ற ஆப். அந்த ஆப் கீழ்த்தளத்தில், கழிவறைக்குப் பக்கத்து அறையில், எதிரே ஒரு மேஜை விசிறி சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு பழைய எந்திரத்துக்குள் குடியிருந்தது. எழுதியவர் வேலையை விட்டுப் போய் வெகுநாள் ஆகிறது. ஆப் மட்டும் ஒருநாள் லீவு எடுக்காமல் வேலை பார்த்தது.

நூற்று நாற்பத்து மூன்று பேரில் ஒருவர் அக்காவின் அண்ணன். செவ்வாய், வியாழன், சனி அவருடைய நாட்கள். ஆப் வருவதற்கு முன்னால், விடியும்முன் வாசலில் போய் வரிசையில் நின்றால்தான் முறை. அப்போது ஒருதடவை, தொடர்ந்து இரண்டு முறை தவறிப்போய், முகமும் காலும் வீங்கி, மூச்சுக்குத் தவித்த அண்ணனை வண்டியில் தன் மடியில் சாய்த்துக்கொண்டு போயிருக்கிறார் அக்கா. அந்தப் பத்து நிமிடத்தில் அவருக்குள் நுழைந்த பயம் இன்னும் முழுசாக வெளியே போகவில்லை.

மாதத் தொடக்கத்தில் ஒரு சர்க்குலர் வந்தது. முப்பதாம் தேதி மாலை ஐந்து மணிக்குப் பழைய எந்திரம் அணைக்கப்படும். அதற்குள் ‘முறை’ ஆப்பை மேகத்தில் ஏற்ற வேண்டும். ஏற்றும் பணி முழுவதும் கட்டளை வரி மூலமாகவே நடைபெற வேண்டும். மவுஸ் தொடுவோர்மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்படும். கீபோர்டைப் பார்க்காமல் அடிக்கத் தெரிந்தவர் அலுவலகத்தில் ஒருவரே என்பதால், ‘கட்டளைத் தட்டச்சுப் பொறுப்பாளர்’ என்று அக்காவின் பெயரைப் போட்டிருந்தார்கள்.

“மேகம்னா என்ன தம்பி?” என்று அக்கா சிஸ்டம்காரரைக் கேட்டார். சிஸ்டம்காரருக்கு நாற்பது வயது. மூன்று அலுவலகங்களுக்குச் சேர்த்து ஒரே ஆள்.

“வேற யாரோ ஒருத்தரோட கட்டடத்துல இருக்கற எந்திரம்க்கா. நம்ம ஆப்பைக் கட்டித் தூக்கி அங்க இறக்கி வைக்கணும். அதுக்கு ஒரு கருவி இருக்கு. கறுப்புத் திரையில எழுத்துல சொல்லணும், அது செய்யும்.”

“அப்ப நீங்களே செஞ்சிடலாமே?”

“நான் காண்ட்ராக்ட். ஒப்பந்த ஊழியர் கட்டளை பிறப்பிக்கக் கூடாதுன்னு எட்டாவது பத்தியில போட்டிருக்கு. பக்கத்துல நின்னு சொல்லலாம். தொடக் கூடாது.”

முதலில் அந்தக் கருவியை அக்காவின் கணினியில் நிறுவ வேண்டியிருந்தது. சிஸ்டம்காரர் சொல்லச் சொல்ல அக்கா அடித்தார். கறுப்புத் திரையில் ஒரு வெள்ளைக் கோடு மினுக்கி மினுக்கி நின்றது. பதில் வரும்வரை யாரோ மேஜையை விரலால் தட்டிக்கொண்டிருக்கிற மாதிரி இருந்தது. பிறகு ஒரே வரி வந்தது: அனுமதி மறுக்கப்பட்டது.

இருபத்தொன்பது வருடப் பணியில் அக்காவுக்கு எத்தனையோ மறுப்புகள் வந்திருக்கின்றன. ஆனால் எதுவும் மூன்று மாதத்துக்குக் குறைந்து வந்ததில்லை. இது ஒரு நொடியில் வந்தது. திரையைப் படமெடுத்து அச்சிட்டு, கையோடு அனுமதிப் பிரிவுக்கு ஓடினார்.

“யார் மறுத்தது?” என்றார் அனுமதிப் பிரிவு அதிகாரி. “கையெழுத்து இல்ல, தேதி இல்ல. அனுமதி மறுக்கற அதிகாரம் இந்தக் கட்டடத்துல எனக்கு மட்டும்தான் இருக்கு. இது யாருய்யா புதுசா?”

ஃபைல் திறக்கப்பட்டது. நாலு நாளில் ‘கணினிக்கு அனுமதி வழங்கி ஆணையிடப்படுகிறது’ என்று முத்திரையோடு ஒரு தாள் வந்தது. அதைக் கணினியின் நெற்றியில் ஒட்டிவிட்டு மறுபடி அடித்தார்கள். அனுமதி மறுக்கப்பட்டது. அதிகாரி தானே இறங்கி வந்து பார்த்தார்.

“ஆணையை வெளிப்பக்கமா ஒட்டினா அதுக்கு எப்படித் தெரியும்? எழுத்து திரையைப் பாக்கற மாதிரி ஒட்டுங்க.”

ஒட்டினார்கள். அதிகாரி திருப்தியோடு மாடி ஏறினார். அவருடைய செருப்புச் சத்தம் ஓயும்வரை காத்திருந்து, சிஸ்டம்காரர் தாழ்ந்த குரலில், “முன்னாடி இந்த ஒரு வார்த்தையைச் சேத்து அடிங்கக்கா” என்றார். அக்கா சேர்த்தார். கருவி சரசரவென்று தன்னை நிறுவிக்கொண்டது.

“என்ன அர்த்தம் அந்த வார்த்தைக்கு?”

“நான்தான் இங்க பெரியவன், சொன்னதைச் செய்யின்னு அர்த்தம்.”

“அது நம்பிடுச்சா?”

“அது யார் சொன்னாலும் நம்பும்க்கா. அதான் பயம்.”

அன்றிலிருந்து அக்கா அந்தக் கணினிக்கு முன்னால் உட்காரும்போது கையை மடியிலேயே வைத்துக்கொண்டார். தெரியாமல் விரல் பட்டுவிடக் கூடாதே.

இருபத்திரண்டாம் தேதி கட்டளை நெறிப்படுத்தும் குழு கூடியது. சிஸ்டம்காரர் எழுதிக் கொடுத்திருந்தது ஒரே ஒரு வரி. பழைய எந்திரத்தில் இருப்பதை எடுத்துப் புதிய மேகத்தில் வை, அவ்வளவுதான். அதைப் பெரிதாக அச்சிட்டு நடுவில் வைத்துச் சுற்றி ஏழு பேர் உட்கார்ந்தார்கள். அக்கா குறிப்பெடுக்க ஓரமாக உட்கார்ந்தார்.

சிக்கனப் பிரிவு அதிகாரி, “கோடு எதுக்கு ரெண்டு ரெண்டா போட்டிருக்கு? ஒண்ணு போதாதா?” என்றார். ஒற்றைக் கோடு போட்டால் கருவிக்குப் புரியாது என்று சிஸ்டம்காரர் விளக்கினார். இரட்டைக் கோடு இந்த ஒருமுறை மட்டும் அனுமதிக்கப்படுவதாகவும், இதை முன்னுதாரணமாகக் கொள்ளலாகாது என்றும் அக்கா எழுதிக்கொண்டார். மொழிப் பிரிவு அதிகாரிக்குக் கட்டளையில் அனுப்புநர், பெறுநர் இல்லாதது உறுத்தியது. “எடு, வைன்னு வேலைக்காரன்கிட்ட பேசற மாதிரி இருக்கே. ஒரு ‘ஐயா’ கூட இல்லையா?”

கடைசியில் இயக்குநர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அவர் பேசப் போகிறார் என்பதற்கு அதுதான் அடையாளம்.

“நான் இந்தப் பதவிக்கு வந்து ஏழு வருஷம். இதுவரைக்கும் ஒரு தப்பு நடந்ததா யாராவது சொல்லச் சொல்லுங்க பாப்போம். ஏன் நடக்கல? நான் எதையுமே நடக்க விட்டதில்ல. இப்ப மேலிடம் புதுமைக்கு முதலிடம்னு சொல்லுது. இந்த வரியைப் பாருங்க. பழசு முன்னாடி நிக்குது, புதுசு பின்னாடி நிக்குது. நாளைக்கு யாராவது படம் எடுத்துப் போட்டா என் மானம் என்ன ஆகறது? புதுசை முன்னாடி கொண்டாங்க.”

சிஸ்டம்காரர் எழுந்தே விட்டார். “சார், அப்படி மாத்தக் கூடாது. முதல்ல எழுதற இடத்துல என்ன இருக்கோ, ரெண்டாவது எழுதற இடம் அப்படியே ஆயிடும். புதுசுல இப்ப ஒண்ணுமே இல்ல. மாத்திப் போட்டா பழசுலயும் ஒண்ணும் இல்லாம ஆயிடும். நூத்தி நாப்பத்தி மூணு பேரோட முறையும் போயிடும் சார்.”

“நகல் இருக்குமில்ல?” என்றார் சட்டப் பிரிவு அதிகாரி.

“நகல் எடுக்கறதும் ஒரு கட்டளைதான் சார். அதுக்குத் தனிக் குழு. அடுத்த மாசம்தான் கூடுது.”

இயக்குநர் சிஸ்டம்காரரைப் பார்க்காமல் அக்காவைப் பார்த்தார். “ஒப்பந்த ஊழியரோட கருத்தைக் குறிப்புல எழுத வேணாம்மா.” அக்காவின் பேனா தானாக நின்றது. புதியது முன்னாலும் பழையது பின்னாலுமாகத் திருத்தப்பட்ட கட்டளை ஒருமனதாக நிறைவேறியது. அதன் கீழே ஏழு முத்திரைகள் விழுந்தன. எட்டாவதாக ஒரு வாசகம் இருந்தது: அங்கீகரிக்கப்பட்ட கட்டளையில் ஓர் எழுத்தை மாற்றுபவர் பணிநீக்கம் செய்யப்படுவார்.

இருபத்து நாலாம் தேதி சனிக்கிழமை. அக்கா அண்ணனுக்குத் துணையாகப் போனார். பதினோராவது படுக்கை. குழாய்களில் ரத்தம் போய்த் திரும்பிக்கொண்டிருந்தது. அண்ணன் அவர் கையைத் தொட்டுப் பார்த்தார்.

“என்னடி, படுத்திருக்கறது நானு, வெளிறிப்போய் உக்காந்திருக்கறது நீயா?”

“ஒண்ணுமில்லண்ணா. ஆபீஸ்ல கொஞ்சம் வேலை.”

“உன் ஆபீஸ்ல என்னைக்கு வேலை நடந்திருக்கு?”

பக்கத்துப் படுக்கையில் இருந்த ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் சிரித்தார். “அப்படிச் சொல்லாதீங்க சார். சாயங்காலம் ஆறு மணிக்கு டிங்குன்னு சத்தம் வருது பாருங்க, அது வந்தப்புறம்தான் எனக்குச் சோறே இறங்குது.”

அக்கா பதினெட்டுப் படுக்கைகளையும் ஒருமுறை எண்ணினார். எண்ணி முடித்ததும் மறுபடி முதலிலிருந்து எண்ணினார். ஏன் எண்ணுகிறோம் என்று அவருக்கே விளங்கவில்லை.

கருவிக்குள் நுழைவது தனிப் பாடாக இருந்தது. நுழைகிற ஒவ்வொரு தடவையும் இயக்குநரின் செல்போனுக்கு ஆறு இலக்க ரகசிய எண் ஒன்று வரும். அதற்கு ஆயுள் ஒரு நிமிடம். ரகசியம் எதையும் வாயால் சொல்லக் கூடாது, மூடிய உறையில்தான் அனுப்ப வேண்டும் என்பது அலுவலக விதி. எண்ணைத் தாளில் எழுதி, உறையிலிட்டு, அரக்கு வைத்து, தபால் பதிவேட்டில் ஏற்றி, இரண்டு மாடி இறக்கி அக்காவிடம் சேர்ப்பதற்கு நாற்பது நிமிடம் ஆயிற்று. திங்களும் செவ்வாயும் இப்படி ஐந்து உறைகள் வந்தன. ஐந்திலும் செத்துப்போன எண்கள்தான் இருந்தன. தாமதத்துக்குக் காரணம் கேட்டு அக்காவுக்கு ஒரு மெமோவும் வந்தது, ஆறாவது உறையில்.

இருபத்தெட்டாம் தேதி மதியம் கட்டளை பிறப்பிக்கும் விழா. கூட்ட அறையில் நாற்காலிகள் போட்டு, தண்ணீர் பாட்டில்கள் வைத்து, போட்டோக்காரரையும் கூப்பிட்டிருந்தார்கள். நடுவில் அக்காவின் கணினி. அக்காவுக்குப் பின்னால் இயக்குநர். ஒப்பந்த ஊழியர் இரண்டு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்று தரையில் சாக்பீஸால் கோடு கிழித்து, அதற்கு அப்பால் சிஸ்டம்காரரை நிறுத்தியிருந்தார்கள்.

ரகசிய எண் வந்தது. இயக்குநர் செல்போனை மார்போடு அணைத்து, யாருக்கும் தெரியாமல் வாசித்துப் பார்த்தார். ரகசியமாக வாசிக்கிறவர்களுக்கும் உதடு அசையும். சொல்லச் சொல்ல அடித்தே காலம் தள்ளிய அக்கா, எதிரே ஜன்னல் கண்ணாடியில் தெரிந்த அந்த உதட்டைப் பார்த்துக்கொண்டே ஆறு இலக்கத்தையும் அடித்துவிட்டார். கருவியின் கதவு திறந்துகொண்டது. மணி இரண்டு நாற்பது. ஒருமுறை திறந்தால் இருபத்து நாலு மணி நேரம் அந்தக் கதவு திறந்திருக்கும் என்று சிஸ்டம்காரர் முன்பே சொல்லியிருந்தார்.

இயக்குநர் கனத்த குரலில் கட்டளையை வாசித்தார். கோடு, கோடு, இடைவெளி, புதியது, இடைவெளி, பழையது. ஒவ்வோர் எழுத்துக்கும் போட்டோக்காரர் ஒரு படம் எடுத்தார். பழக்கம் அக்காவின் விரல்களைப் பிழையில்லாமல் ஓட்டியது. அதுதான் அவரை இன்னும் பயமுறுத்தியது. கடைசி எழுத்தையும் அடித்தாயிற்று. திரை ஒரு கணம் யோசித்தது. பிறகு ஆங்கிலத்தில் கேட்டது: இதனால் பழைய இடத்திலுள்ள 143 பதிவுகள் நிரந்தரமாக அழியும். தொடரலாமா? ஆம் என்றால் ஒய். வேண்டாம் என்றால் என்.

இயக்குநர் குனிந்து பார்த்தார். போட்டோவுக்காக அப்போதுதான் கழற்றிய கண்ணாடி மேஜைமேல் இருந்தது. எண் மட்டும் அவருக்குத் தெரிந்தது.

“நூத்தி நாப்பத்தி மூணு! பாத்தீங்களா, நம்ம நோயாளிங்க எத்தனை பேருன்னு ஒருத்தர் விடாம சொல்லுது. இதான் தொழில்நுட்பம். ஒய்யை அழுத்துங்கம்மா.”

எல்லோரும் எழுந்து நின்றார்கள். அக்கா திரும்பிச் சிஸ்டம்காரரைப் பார்த்தார். அவர் கோட்டுக்கு அப்பால், வாயை இறுக மூடிக்கொண்டு, தலையைக்கூட அசைக்கத் தைரியமில்லாமல், கண்ணை மட்டும் மூடித் திறந்தார். ஒய்யை அழுத்தினால் பதினோராவது படுக்கை போச்சு, பஸ் டிரைவர் போச்சு, எல்லாரும் போயாச்சு. அழுத்தாவிட்டால் வேலை போச்சு. ஓய்வுக்கு இன்னும் மூன்றே வருடம். யாரும் அவர் கையைப் பார்க்கவில்லை. எல்லோரும் போட்டோக்காரரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அக்கா ‘என்’னை அழுத்தினார்.

கைவிடப்பட்டது என்று ஒரு வார்த்தை வந்தது.

“என்ன சொல்லுது?” என்றார் இயக்குநர், புகைப்படத்துக்கு முகம் கொடுத்தபடியே.

“முடிஞ்சிதுன்னு சொல்லுது சார்.”

கைதட்டல் கூரையைத் தொட்டது. நாற்பது நிமிடம் பேசினார்கள். வரலாறு படைத்த ஊழியர் என்று அக்காவின் தோளில் ஒரு துண்டைப் போர்த்தினார்கள். ஆனால் ஆப் எங்கேயும் போகவில்லை. பழைய எந்திரத்துக்குள்ளேயே இருந்தது. முப்பதாம் தேதி ஐந்து மணிக்கு அந்த எந்திரத்தின் உயிரை எடுக்கப் போகிறார்கள்.

மறுநாள் ஒரு மணி அடித்ததும் அலுவலகம் காலியானது. சாப்பாட்டு நேரத்தில் தீப்பிடித்தால்கூட அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். அக்கா டப்பாவைத் திறக்கவில்லை. சிஸ்டம்காரர் உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

“கருவியோட கதவு இன்னும் திறந்துதான் இருக்குக்கா. ரெண்டு நாப்பது வரைக்கும்.”

“தப்பாப் போச்சுன்னா?”

“போகாது. நான் நாலு தடவை சரிபாத்துட்டேன்.”

“போச்சுன்னா?”

சிஸ்டம்காரர் தன் சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுத் தாளை எடுத்து வைத்தார். முதலில் எழுதிய அதே வரி. பழையது முன்னால், புதியது பின்னால். முத்திரை எதுவும் இல்லை.

அக்கா வாழ்க்கையில் முதல்முறையாக, யாரும் சொல்லாமல், யாரும் கையெழுத்துப் போடாமல், தானாக ஒரு வரியை அடித்தார். இந்தத் தடவை விரல் இரண்டு முறை தவறி விழுந்தது. அழித்து அழித்து அடித்தார். திரை கேட்டது: 143 பதிவுகள் புதிய இடத்துக்குப் போகும். தொடரலாமா?

“தம்பி, நீங்க ஒருதரம் வாய்விட்டுப் படிங்க. எது முன்னாடி இருக்கு?”

“பழசுக்கா.”

“இன்னொரு தரம்.”

“பழசுதான் முன்னாடி.”

அக்கா கண்ணை மூடிக்கொண்டு ஒய்யை அழுத்தினார். எண்கள் ஏற ஆரம்பித்தன. நாற்பதில் கொஞ்சம் நின்றது. தொண்ணூற்று ஏழில் நின்றே விட்டது. தாழ்வாரத்தில் யாரோ நடந்து வரும் சத்தம் கேட்டது. கதவுக்கு வெளியே நின்றது. குழாயைத் திறந்து கை கழுவிவிட்டு நகர்ந்து போனது. பிறகு தொண்ணூற்று எட்டு. நூற்றுப் பத்து. நூற்று நாற்பத்து மூன்று. சிஸ்டம்காரர் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மணி ஒன்று பதினேழு.

முப்பதாம் தேதி மாலை ஐந்து மணிக்கு, சொன்னபடி பழைய எந்திரத்தை அணைத்தார்கள். விசிறியையும் எடுத்துப்போனார்கள். ஆறு மணிக்கு அக்கா பஸ் நிறுத்தத்தில் நின்று அண்ணனுக்குப் போன் போட்டார்.

“வந்துச்சாண்ணா?”

“என்னது?”

“நாளைக்கு முறை. செய்தி வந்துச்சான்னு கேட்டேன்.”

“மணி ஆறுதானேடி ஆகுது. இரு, வரும்.” பிறகு ஒரு நிமிடம் டிவி சத்தம். “ஆங், இந்தா, அடிச்சிடுச்சு. காலைல ஆறு நாப்பது, நாலாவது படுக்கை. ஏன், எதுக்கு மூக்கை உறிஞ்சற?”

“சளி” என்றார் அக்கா.

அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி தலைமையகத்திலிருந்து விசாரணை அதிகாரி வந்தார். கருவி தான் கேட்ட கேள்வி, வாங்கிய பதில் எல்லாவற்றையும் நேரத்தோடு எழுதி வைத்திருக்கிறது என்பது அக்காவுக்கு அப்போதுதான் தெரிந்தது. அச்சிட்ட தாளில் இரண்டு இடத்தில் சிவப்பு வட்டம். விழா நடந்த நேரத்தில் ஓர் ‘என்’. மறுநாள் ஒன்று பதினேழுக்கு ஓர் ‘ஒய்’. அக்கா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். முந்தின நாளே ராஜினாமாக் கடிதத்தைத் தானே அடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்திருந்தார்.

“விழாவுல ‘என்’ அழுத்தினது நீங்கதானா?”

“ஆமாங்க சார்.” தலையை ஆட்டினார்.

விசாரணை அதிகாரி பக்கத்திலிருந்த இயக்குநரின் வாக்குமூலத்தை எடுத்தார். “இதைப் பத்தி இயக்குநர் எழுத்துபூர்வமா விளக்கம் கொடுத்திருக்கார். வேலை நல்லபடியா முடிஞ்சிருக்கு, ஒரு புகாரும் வரல. ஆகவே ‘என்’ என்பது, ‘நன்று’ என்பதை ஆங்கிலத்தில் எழுதினால் வரும் முதல் எழுத்து. அன்னைக்கு ‘நன்று’ன்னு அழுத்தச் சொல்லித்தான் உத்தரவு போட்டதா எழுதியிருக்கார். ஏழு அதிகாரிங்க சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்காங்க. நீங்க மறுக்கறீங்களா?”

“இல்லீங்க சார்.”

“நல்லது. இப்ப இந்த ஒய்.” அவர் தாளை நெருக்கிப் பிடித்தார். அக்காவின் கை பைக்குள்ளே கடிதத்தைத் தேடியது. “ஒன்று பதினேழு. பணி விதிப்படி ஒண்ணுலேருந்து ரெண்டு வரைக்கும் உணவு இடைவேளை. இடைவேளையில அலுவலகம் இயங்காது. இயங்காத அலுவலகத்துல அலுவல் நடக்க வழியில்ல. ஆக, இது நடக்கல.” பேனாவால் அந்த வட்டத்தைக் குறுக்காக அடித்தார். “கருவியோட கடிகாரத்துல ஏதோ கோளாறுன்னு எழுதிடறேன். நீங்க போகலாம். இந்த உத்தரவை மட்டும் வாங்கிக்கங்க.”

அக்கா கடிதத்தைப் பைக்குள் விட்டுவிட்டு உத்தரவை வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். நாலு படி இறங்கியதும் அங்கேயே படியில் உட்கார்ந்து படித்தார். கீழே காத்துக்கொண்டிருந்த சிஸ்டம்காரர் இரண்டு இரண்டு படியாக ஏறி ஓடி வந்தார்.

“என்னக்கா ஆச்சு? வேலை போச்சா?”

“இல்ல. நம்ம ‘முறை’ ஆப்பைப் பாத்து ஏழு ஆபீஸ்ல அவங்கவங்க ஆப்பை மேகத்துல ஏத்தப் போறாங்களாம். ரத்த வங்கி, தடுப்பூசி, ஆம்புலன்ஸ், எல்லாம். நான்தான் போய்க் கத்துக்கொடுக்கணுமாம்.”

“எதை?”

“கருவி எது கேட்டாலும் நன்றுன்னு ‘என்’ அழுத்தணும்னு.”

சிஸ்டம்காரர் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். உத்தரவை வாங்கி முழுவதும் படித்தார். முத்திரைகளை எண்ணினார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்:

“ஏழு ஆபீஸ்லயும் சாப்பாட்டு நேரம் எப்பன்னு விசாரிக்கலாமாக்கா?”